விற்க முடியாத நிலம்: ஜார்ஜியாவின் கறுப்பின உழவர்கள் கண்ட வழி

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், தளபதி ஷெர்மனின் உத்தரவுப்படி விடுதலை பெற்ற அடிமைக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கப்பட்ட நிலம், அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனின் ஆணையால் பெரும்பாலும் பழைய எஜமானர்களிடம் திரும்பிற்று. அதன் பின்னரும் கறுப்பின மக்கள் கூலியிலும் வாரச் சாகுபடியிலும் மிச்சம் பிடித்து, 1910ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1.5 கோடி ஏக்கரைச் சொந்தமாக்கிக்கொண்டது மகத்தான சாதனை. அதில் பெரும்பகுதி அடுத்த தலைமுறைகளில் பறிபோனது மாபெரும் அநீதி.

வன்முறையும் கடன் மறுப்பும் ஒருபுறமிருக்க, பாகப்பிரிவினைச் சட்டமே பலரை வீழ்த்திற்று. உயில் எழுதாமல் மாண்டவரின் நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாக நிற்க, வடக்கே நகரத்துக்குப் போய்விட்ட ஒருவரின் சிறு பங்கை அயலான் வாங்கி நீதிமன்றம் ஏறினால், முழு நிலமும் ஏலத்துக்கு வந்துவிடக்கூடிய நிலை இருந்தது. ஏலத்தில் எடுக்கும் சக்தி உழுதவனுக்கு ஏது?

நிலமில்லாதவன் உணவுக்கும் குடியிருப்புக்கும் எஜமானனின் முகத்தையே பார்த்திருக்க வேண்டும். வாக்காளராகப் பதிந்துகொள்ளச் சென்றதற்காகவே வாரக் குடியானவர்கள் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட தென்மேற்கு ஜார்ஜியாவில், உரிமைப் போராளிகளான சார்ல்ஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் தம்பதியரும் தோழர்களும் இதை அனுபவத்தில் உணர்ந்து, 1969இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கி, லீ கவுண்டியில் சுமார் 5,700 ஏக்கர் வாங்கினார்கள். நிலம் சமூகத்தின் பெயரில் நிற்கும். குடும்பங்கள் நெடுங்காலக் குத்தகையில் வாழ்ந்து பயிரிடலாம். விற்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பது திட்டம். இஸ்ரேலியக் கூட்டுப் பண்ணைகளும், நிலத்தை ஊர்ப்பொதுவாக்க முனைந்த நமது வினோபா பாவேயின் கிராமதான இயக்கமும் இதற்கு வழிகாட்டிகளாயின. நிலக்கடலையும் சோளமும் விளைந்தன. சாலையோரக் கடையில் பண்ணையின் விளைபொருள்கள் விற்பனையாயின.

பின்னர் வறட்சி வந்தது. அண்டை வெள்ளை விவசாயிகளுக்கு அமெரிக்க அரசின் விவசாய இலாகாவிடமிருந்து கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு உரிய காலத்தில் மறுக்கப்பட, 1985இல் நிலம் முழுவதும் கைவிட்டுப் போயிற்று. அந்த இலாகாவின் பாரபட்சத்தை எதிர்த்துக் கறுப்பின விவசாயிகள் நடத்திய பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் சமரசமாகி, 2009இல் இவர்களுக்கு 1.2 கோடி டாலர் நஷ்டஈடு கிட்டிற்று. அதைக்கொண்டு, முன்பு அடிமைகளை வைத்துப் பயிரிட்ட ஒரு பெருந்தோட்டத்தில் 1,600 ஏக்கருக்கு மேல் வாங்கி மீண்டும் உழத் தொடங்கினார்கள்.

அதே வழக்கில் வென்ற தனி விவசாயிகளில் பெரும்பாலோருக்குக் கிடைத்ததோ 50,000 டாலர். இழந்த பண்ணையை மீட்க அத்தொகை போதாது.