கடல்வழிக் கணக்கு – 9: காற்றுக்குக் காத்திருந்த காஞ்சி

சென்ற இதழில் பருவக்காற்றுகள் திசை மாறுகிற முறையைப் பார்த்தோம். அந்தக் காற்றுகளை நம்பி வாழ்ந்த ஒரு நகரத்தை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். கோயில்களின் ஊர் என்றும் பட்டின் ஊர் என்றும் காஞ்சிபுரத்தைச் சொல்லிப் பழகியவர்கள், அதைக் கடலின் ஊர் என்று ஒருவர் சொல்லக் கேட்டால் திகைக்கத்தான் செய்வார்கள். ஏனென்றால் ஏகாம்பரநாதர் சந்நிதியிலிருந்து அலைவாய்க்கரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் 640ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் சரிதத்தை எழுதிய சீடர் ஹூய்லி, இந்நகரத்தைச் சிங்களத்தை நோக்கிய தென்கடல் துறைமுகம் என்றே வர்ணித்து, அங்கிருந்து ஈழத்துக்கு மூன்று நாள் கடற்பிரயாணம் என்று குறித்துவைத்தார்.

இதைப் பிழை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு நகரத்தின் துறைமுகம் அதன் மதிலுக்கு உள்ளேதான் இருக்க வேண்டுமென்ற நியதி அக்காலத்தில் இல்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, மேற்குத் திசைக் குதிரைகளும் வடநாட்டுப் பொருள்களும் வந்திறங்கும் நீர்ப்பெயற்று என்ற பட்டினத்தையும், இரவில் கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தின்மீது ஏற்றிவைத்த விளக்கையும் சொல்லுகிறது. உமணரின் உப்பு வண்டிகளையும், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகளையும், சுங்கம் கொள்ளும் பெருவழியையும் அதே நூல் காட்டுகிறது. அந்தப் பட்டினம் மாமல்லபுரமா, பாலாற்றின் முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரமா என்பதில் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. வசவசமுத்திரத்து அகழ்வில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டிருக்கின்றன. எதுவாயினும், கலமும் விளக்கும் பெருவழியும் சுங்கமும் தலைநகரமும் ஒரே ஏற்பாட்டின் அங்கங்களாக இயங்கின என்பது மட்டும் தெளிவு.

அந்த ஏற்பாட்டைக் கடலில் இயக்கிய சக்தி காற்று; காற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களின் மூலதனம் காலம். 671ஆம் ஆண்டில் சீனத்துத் தென்துறைமுகத்திலிருந்து புறப்பட்ட இத்சிங் என்ற பிக்ஷு, ஏறக்குறைய 20 நாளில் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். அங்கே ஆறு மாதம் தங்கி ஸம்ஸ்கிருத இலக்கணம் பயின்ற பிறகே மேற்கொண்டு சென்று, 673இல் வங்கக் கரையின் தாமிரலிப்தியில் இறங்கினார். இப்படிக் காற்று திரும்பும் வரை ஒரு துறையில் தங்குவது அக்காலக் கடலோடிகளுக்கு வழக்கமானதே. தங்குமிடங்கள் நாளடைவில் வாணிபத் தலங்களாயின. 720இல் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பிய இராஜசிம்ம பல்லவன் காலத்திலும், சயாம் கரையில் உள்ள தக்குவாபாவில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரின் பாதுகாப்பில் வைத்துத் தமிழிலே சாசனம் பொறித்த காலத்திலும், காற்று திரும்பும் வரை அந்நிய மண்ணில் குடியிருக்க நேர்ந்தவர்களே அங்கே குளத்தையும் குடியிருப்பையும் உண்டாக்கினார்கள் என்று கருத இடமுண்டு.

இதைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடுவதும் நேர்மையாகாது. கலங்கள் கவிழ்ந்தன, வணிகனின் முதல் ஒரு வருஷத்துக்கு மேலும் கடலிலே முடங்கிக் கிடந்தது, ஒரு பருவத்தைத் தவறவிட்டவன் அடுத்த பருவம் வரை கடனுக்கு வட்டி கட்டினான். ஆகவே நீராவி வந்தபோது வணிகர்கள் அதை வரவேற்றதில் ஆச்சரியமில்லை. ஆயினும் நீராவியின் காலத்திலும் நம் கரையில் நிதானமான பாதை ஒன்று உயிரோடிருந்தது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய உப்பங்கழிக் கால்வாய், 1877-78ஆம் ஆண்டுப் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்றாகி, ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. பாய் விரித்தும், மூங்கில் கழி ஊன்றியும், கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தும் உப்பையும் விறகையும் நெல்லையும் ஏற்றிச் சென்ற படகுகளுக்கு எரிபொருள் செலவே கிடையாது. 1965, 66ஆம் ஆண்டுகளின் புயல்களும், அதன்பின் வந்த கவனிப்பின்மையும், நகரத்துச் சாக்கடையும் அதைச் சீரழித்தன. 2008இல் அது நான்காவது தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தும், சென்னை நகரத்துக்குள் அதன் படுகையிலே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

இனி நம் காலத்துக்கு வருவோம். உலக வாணிபத்தின் சரக்கில், அளவைக் கொண்டு பார்த்தால், ஏறக்குறைய 80 சதவிகிதம் கப்பலில் போகிறது. மனிதர் வெளியேற்றும் வெப்பவாயுக்களில் ஏறக்குறைய 3 சதவிகிதம் கப்பல்களுடையது. 2050ஐ ஒட்டி இதை நிகர பூஜ்யமாக்குவதென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023 ஜூலையில் தீர்மானித்தது. புதிய எரிபொருள்களைப் பற்றிய பேச்சு பலமாக நடக்கும் வேளையில், 2023 ஆகஸ்டில் 'பிக்ஸிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல், 37.5 மீட்டர் உயரமுள்ள விறைப்பான பாய்கள் இரண்டைத் தாங்கிப் பிரேஸிலை நோக்கிப் போயிற்று. ஆனால் எல்லாவற்றிலும் எளிய உபாயத்துக்கு யந்திரம் எதுவும் புதிதாக வேண்டாம். கப்பலை மெதுவாக ஓட்டினால் போதும். கப்பலுக்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்வதால், 24 நாட் வேகத்தை 18ஆகக் குறைத்தால், மணிக்குச் செலவாகும் எண்ணெய் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பிரயாணம் மூன்றில் ஒரு பங்கு நீண்டபோதிலும், மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலேயே மிச்சமாகிறது. 2008ஆம் வருஷத்துப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் இந்தக் கணக்கைச் சிக்கனத்துக்காகவே கைக்கொண்டன. நிதானமாகப் போனால் அதே சரக்குக்குக் கூடுதல் கப்பல்கள் வேண்டும் என்பதும், அழுகும் பண்டத்துக்கு இது பொருந்தாது என்பதும் உண்மையே; அவற்றைக் கழித்த பின்பும் லாபம் நிற்கிறது.

இந்தக் கணக்கை எந்தச் சரக்குக்கு முதலில் பொருத்தலாம் என்று யோசிக்கையில்தான் காஞ்சி மறுபடியும் நினைவுக்கு வருகிறது. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டி, பிறகு தறியில் ஏற்றி, உடலும் கரையும் வெவ்வேறு வர்ணமாகக் கோர்வை போட்டு, பல நாள் உழைப்பில் இறங்கும் சேலை, டொரொண்டோவிலோ சிட்னியிலோ நடக்கும் கல்யாணத்துக்கு ஆகாய விமானத்தில் பறக்கிறது. ஒரு கிலோ எடையைச் சம தூரம் கொண்டுபோக, கப்பலைக் காட்டிலும் விமானம் பல பத்து மடங்கு கரியைக் காற்றில் கலக்கிறது. பட்டு அழுகும் பொருளல்ல. முகூர்த்தமோ பஞ்சாங்கம் பார்த்துப் பல மாதங்களுக்கு முன்பே நிச்சயமாகிவிடுகிறது. இத்தனை நாள் முன்கூட்டியே தெரிந்த காரியத்துக்கு அவசரம் எங்கிருந்து வந்தது? கடைக்காரர் கேட்காததாலும், வாங்குபவர் சொல்லாததாலும் வந்தது.

ஆகையால் சட்டத்துக்கும் புதிய கப்பலுக்கும் காத்திராமல் காஞ்சியின் வியாபாரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. வெளிநாட்டு ஆர்டர் வரும்போது, சேலை எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கேட்டெழுதி, காலம் இருக்குமானால் பல ஆர்டர்களைச் சேர்த்துக் கப்பலில் அனுப்பி, கூலியில் மிஞ்சும் தொகையில் ஒரு பங்கை வாங்குபவருக்கே குறைத்துத் தரலாம். ஒரு சேலையின் எடை அற்பம், அதனால் உலகம் குளிர்ந்துவிடாது என்று சொல்லுவார்கள். உண்மைதான், ஆனால் அவசரமில்லாத சரக்கை அவசரமில்லாமல் அனுப்பும் வழக்கம் பட்டில் நிலைத்தால், தோலுக்கும் பின்னலாடைக்கும் அது பரவத் தடையேதும் இல்லை.

அடுத்த வாரம், இதே கரையில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி ஏற்றுமதி செய்த சதுரங்கப்பட்டினத்தைப் பார்ப்போம்.

(தொடரும்)