தோல் காய்ந்தால் சுருதி ஏறும்

பத்தாங் பெர்சுந்தை பக்கம் தெனாமாரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவில் அதுதான் முதல். கோல சிலாங்கூர் வட்டாரத்துப் பால்மரக் காடுகளுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் கங்காணி வழியாக வந்த தமிழர்களோடு தப்பும் உறுமியும் வந்து சேர்ந்தன. இரண்டும் தோல் கருவிகள். வந்து சேர்ந்த இடமோ தோலுக்கு ஆகாத இடம். மலேசியாவில் காற்றின் மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு.

அதனால்தான் தப்படிப்பவர் அடிக்கும் முன் நெருப்பைத் தேடுகிறார். மாட்டுத்தோல் கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். ஈரக்காற்று பட்டால் நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை உப்ப வைக்கும். தோல் தளரும், கொஞ்சம் கனக்கவும் செய்யும். தளர்ந்தாலும் சுருதி இறங்கும், கனத்தாலும் இறங்கும். அனலில் காட்டினால் நீர் வெளியேறி இழைகள் சுருங்க, தோல் விறைக்கிறது. ஆனால் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலப்படிதான் ஏறும். ஒரு ஸ்தாயி மேலே போக நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். ஆட்டத்தின் நடுவே தப்பு மறுபடியும் நெருப்புக்குப் போவதில் வியப்பில்லை.

பேஞ்சோவுக்கும் இதே நோய்தான். அமெரிக்க, கரீபியத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுவையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியத்தின் வழி வந்தது அது. (அடிமை வேறு, கங்காணிக் கூலி வேறு. ஆனாலும் இதுவும் தோட்டத்துப் பிள்ளைதான்.) 1920-களின் ஜாஸ் குழுக்களில் கோலோச்சிய டெனர் பேஞ்சோவுக்கு நாலு தந்தி, ஏறத்தாழ 28 செ.மீ. அகலத்தில் கன்றுக்குட்டித் தோல். நெருப்புக்குப் பதில் இங்கே இரும்பு: வளையத்தைச் சுற்றி இருக்கும் கொக்கிகளின் மரைகளை முடுக்கினால் தோல் இறுகும். பழைய பேஞ்சோவை வாங்குபவர் பார்க்க வேண்டியதும் அங்கேதான். கொக்கி துருப்பிடித்திருக்கிறதா, தோலின் ஓரம் விரிந்திருக்கிறதா, தந்தியைத் தாங்கும் குதிரைக்கடியில் தோல் குழிந்திருக்கிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா. மேற்பூச்சின் மினுமினுப்பைக் கடைசியில் பார்க்கலாம்.

அதன் ஒலி ஏன் அப்படிச் சுள்ளென்று தெறிக்கிறது? கிட்டாரின் குதிரை மரப்பலகைமேல் நிற்கிறது; பேஞ்சோவின் குதிரை மெல்லிய தோல்மேல். தந்தியின் ஆற்றலைத் தோல் சட்டென்று வாங்கிக் காற்றில் கொட்டிவிடுகிறது. ஓசை பெரிது, ஆயுள் குறைவு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் எக்காளங்களுக்கு நடுவே தாளம் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? 2004-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் பொலிட்சர் பேஞ்சோ ஒலியைப் பற்றியே பல ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.

வெறும் வட்டத்தோல் தானாகப் பாடாது. அதன் அடிப்படை அதிர்வை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். தப்பில் சுருதியைவிட அடியே முன்னால் நிற்பது இதனால்தான். பேஞ்சோவில் சுருதியைத் தந்தி தருகிறது, தோல் அதற்கு நிறம் பூசுகிறது. மிருதங்கமோ தோலின் நடுவே கருஞ்சாந்து அப்பி மேலதிர்வுகளை முழு எண் வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதை 1920-இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சி.வி. ராமன்.

உறுமியின் வழி தனி. வளைந்த குச்சி தோலைப் பிடித்து இழுக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பல தடவை. பிடில் வில் தந்தியிடம் செய்வதும் இதையே. குச்சியை அழுத்தும் விதத்துக்கேற்ப முனகல் ஏறி இறங்குகிறது. தைப்பூசத்தில் பத்துமலைப் படியேறும் காவடிக்கு முன்னால் நாம் கேட்பது உராய்வின் இசை.

1950-களின் பிற்பகுதியில் நீர் குடிக்காத பாலியெஸ்டர் தாள் வந்ததும் பேஞ்சோக்காரர்கள் பெரும்பாலும் கன்றுத்தோலைக் கைவிட்டார்கள். இப்போது தப்பும் ஃபைபரில் கிடைக்கிறது. மழையில் நனைந்தாலும் தொய்யாது, நெருப்பும் வேண்டாம், ஊர்வலத்துக்கு வசதிதான். ஆனால் மிக உயர்ந்த அதிர்வுகளைத் தனக்குள்ளேயே விழுங்கி அடக்கும் தோலின் குணம் தாளுக்குக் குறைவு. என் காதுக்குத் தாளின் ஒலி கொஞ்சம் கூச்சலாகவே படுகிறது.