வாரம் ஒரு சிகரெட்

ஒருவர் சிகரெட்டுக்கு அடிமையாக எத்தனை சிகரெட் வேண்டும்? தினமும் ஐந்துக்கு மேல், அதுவும் ஆண்டுக்கணக்கில் பிடித்தால்தான் உடல் அதைக் கேட்கத் தொடங்கும் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 'எப்போதாவது ஒன்று' என்று சொல்லும் பள்ளி மாணவனை அந்த நம்பிக்கை ஆபத்தில்லாதவர்கள் பட்டியலில் வைத்தது. 2000-ஆம் ஆண்டில் அந்தப் பட்டியல் கலைந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஜோசப் டிஃப்ரான்சாவின் குழு, 12, 13 வயது மாணவர்கள் 681 பேரைத் தொடர்ந்து கவனித்து வந்தது. அவர்களில் 95 பேர் மாதம் ஒன்றாவது பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த 95 பேரில் 60 பேரிடம் அடிமைத்தனத்தின் அறிகுறி ஏதாவது ஒன்று தென்பட்டது. 95 பேரில் 22 விழுக்காட்டினரிடம் அது நான்கு வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. தினசரிப் பழக்கம் முதலில், அடிமைத்தனம் பிறகு என்று நாம் வைத்திருந்த வரிசை பலரிடம் தலைகீழாக இருந்தது.

ஏன் இப்படி? புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை அடைந்து, நரம்பணுக்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கிறது. வயதுவந்த புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஓரிரு இழுப்பிலேயே முக்கியமான ஒரு வகை ஏற்பிகளில் பாதி நிரம்பிவிட்டது தெரிந்தது. ஆக, சிறுவன் பிடிக்கும் ஒற்றைச் சிகரெட், மூளையின் கணக்கில் சின்ன அளவே அல்ல. ஆனால் ரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறதே, வாரம் ஒரு முறை பிடிப்பவனுக்கு ஏக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிகோடின் வெளியேறினாலும் அது செய்துவிட்டுப் போன மாற்றம் உடனே மறைவதில்லை. வளரிளம் பருவ எலிகளுக்குச் சில நாட்கள் நிகோடின் கொடுத்தாலே இந்த ஏற்பிகள் பெருகுகின்றன. மனிதரிலோ, உந்துதலை அடக்கும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. டிஃப்ரான்சாவின் விளக்கம் எனக்கு இங்கேதான் பொருத்தமாகப் படுகிறது: தொடக்கத்தில் ஒரு சிகரெட் அந்தத் தவிப்பை நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்கூடத் தள்ளிப்போடுகிறது; பழகப் பழக அந்த இடைவெளி மணிக்கணக்காகச் சுருங்குகிறது. வாரம் ஒன்று பிடிப்பவனுக்கும் பெட்டி காலி செய்பவருக்கும் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் இந்த இடைவெளியின் நீளம்தான்.

இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. சிறுவர்கள் தாமே சொல்வதை எப்படி நம்புவது, ஓர் அறிகுறி இருந்தாலே அடிமை என்று சொல்லிவிடலாமா என்பது அவர்கள் வாதம். இரண்டாவது கேள்வியில் வலு இருக்கிறது. ஓர் அறிகுறி முழு நோயாகிவிடாது. ஆனால் 1,246 மாணவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான அதே குழுவின் இன்னொரு ஆய்வு, உலக சுகாதார நிறுவனத்தின் கண்டிப்பான வரையறையையும் கையில் எடுத்தது. அந்த வரையறைப்படி அடிமையானவர்களில் பாதிப்பேர், மாதம் 46 சிகரெட் என்ற அளவை எட்டுவதற்குள்ளேயே அந்த நிலைக்கு வந்திருந்தார்கள். நாளொன்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆண்டுக்கணக்கில் குறைவாகவே பிடித்தும் சிக்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் முதல் சிகரெட்டைக் கையில் வாங்கும் பிள்ளை எந்தப் பக்கம் விழும் என்பதை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

நம் ஊருக்கு வருவோம். 13 முதல் 15 வயது வரையிலான இந்திய மாணவர்களிடம் 2019-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், சிகரெட் பிடித்தவர்களில் 38 விழுக்காட்டினர் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியிருந்தார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பனையே கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றையாகக் கிடைக்கும் சிகரெட், மேலே சொன்ன அந்த முதல் கட்டத்துக்கென்றே அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. பாக்கெட் வாங்கக் காசில்லாத பிள்ளைக்கு ஒன்று வாங்கக் காசிருக்கும். ஒற்றையாக விற்பதை நிறுத்துவதைச் சிறு விஷயமாக எண்ணக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மாட்டிக்கொண்ட மாணவனிடம் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் கேட்பது 'ஒரு நாளைக்கு எத்தனை?' என்பதே. ஆனால் அடிமைத்தனத்தை அறிய டிஃப்ரான்சா குழு இளையோருக்கென உருவாக்கிய பத்துக் கேள்விகளில் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. முதல் கேள்வியே, விட முயன்று முடியாமல் போனதுண்டா என்பதுதான்.