இடம் இருந்தால் ஏறலாம்!
ராணுவ விமானத்தில் குடும்பத்தோடு கடல் கடக்கும் அமெரிக்கர்கள்

இரவு மணி 11-50.

ஜெர்மனி நாட்டில் ராம்ஸ்டைன் என்ற ஊர். அங்கே அமெரிக்க விமானப்படையின் பெரிய தளம் இருக்கிறது. அதன் அருகே ஒரு வீட்டில் மனைவியும் குழந்தைகளும் தூங்குகிறார்கள். சிப்பாய் மட்டும் தூங்கவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மணி 12 அடிக்கிறது. இன்னும் 1 நிமிஷம் பொறுக்கிறார். பிறகு, முன்பே எழுதி வைத்திருந்த இ-மெயிலை அனுப்புகிறார். அதற்குப் பிறகுதான் படுக்கப் போகிறார்.

என்ன அவசரம்? அவருடைய லீவு அந்த நள்ளிரவில்தான் தொடங்குகிறது. லீவு தொடங்கும் முன் பெயர் பதிவு செய்யக் கூடாது. தொடங்கிய பிறகு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். யார் முதலில் பதிவு செய்தாரோ அவருக்கே முதல் இடம். 5 நிமிஷம் தாமதித்தால் வேறு ஒரு குடும்பம் முந்திக்கொள்ளும்.

இப்படி விழித்திருக்கும் சிப்பாய்கள் அங்கே பல பேர். எல்லோருக்கும் ஒரே ஆசைதான். குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். பாட்டி பேரனை இன்னும் பார்க்கவில்லை. 4 பேருக்கு டிக்கெட் வாங்கினால் மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி போய்விடும்.

ஆனால் ராணுவ விமானத்தில் போனால்? டிக்கெட்டே கிடையாது!

காலியாகப் போவானேன்?

அமெரிக்க ராணுவத்துக்கு உலகின் பல நாடுகளில் தளங்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சாமான்களையும் வீரர்களையும் ஏற்றிக்கொண்டு விமானங்கள் இரவு பகலாகப் பறக்கின்றன. போகும்போது நிரம்பிப் போகும் விமானம், திரும்பும்போது பாதி காலியாக வருவது உண்டு.

விமானம் எப்படியும் பறக்கத்தான் போகிறது. எண்ணெய் எரியத்தான் போகிறது. காலி இடத்தில் 4 பேர் உட்கார்ந்தால் சர்க்காருக்கு என்ன நஷ்டம்?

இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் ‘ஸ்பேஸ்-ஏ’ என்ற பயணம். ‘இடம் இருந்தால்’ என்பதே அதன் பொருள். இந்த விமானங்களை நடத்தும் படைப்பிரிவு 1948-ம் ஆண்டில் ‘மிலிட்டரி ஏர் டிரான்ஸ்போர்ட் சர்வீஸ்’ என்ற பெயரில் தொடங்கியது. 1966-ல் பெயர் மாறியது. 1992-ல் மறுபடியும் அமைப்பு மாறி, ‘ஏர் மொபிலிட்டி கமாண்ட்’ என்று இன்று அழைக்கப்படுகிறது. இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்காட் விமான தளம் அதன் தலைமையிடம்.

நாமும் ஏறலாமா என்று கேட்காதீர்கள். இது அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கு மட்டும் உள்ள சலுகை. உரிமை அல்ல, சலுகைதான். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கண்ணீர் வருவது இதனால்தான்.

யார் முதலில்? யார் கடைசி?

காத்திருப்பவர்களை 6 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்.

வீட்டில் சாவு, அல்லது உயிருக்குப் போராடும் நோய் என்று அவசர லீவில் போகிறவர்கள் முதல் வகுப்பு. இவர்களுக்கு முன் வேறு யாரும் நிற்க முடியாது. தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஓடுகிறவனோடு யார் போட்டி போடுவார்கள்?

சாதாரண லீவில் குடும்பத்தோடு போகும் சிப்பாய் மூன்றாம் வகுப்பு. நமது நள்ளிரவு ஆசாமி இந்த வகுப்புதான்.

கணவன் போர்முனைக்குப் போயிருக்கிறான். மனைவி வெளிநாட்டுத் தளத்தில் குழந்தைகளோடு தனியாக இருக்கிறாள். அவளுக்கும் இடம் உண்டு. கணவன் 30 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால், மேலதிகாரியின் கடிதத்தோடு அவள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு போகலாம். ஆனால் அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பு. கணவன் முழுதாக ஓர் ஆண்டு போயிருந்தால் ஒரு படி மேலே ஏற்றி நான்காம் வகுப்பில் வைப்பார்கள். கைக்குழந்தையோடு தனியாக நிற்பவளை இன்னும் கொஞ்சம் முன்னே நிறுத்தினால் என்ன? அந்த நியாயம் விதியில் இல்லை.

கடைசி வகுப்பு ஆறு. ஓய்வு பெற்ற வீரர்கள் இதில் வருகிறார்கள். போரிலோ பணியிலோ ஏற்பட்ட ஊனம் நிரந்தரமானது, முழுமையானது என்று தீர்மானிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கும் சில ஆண்டுகளாக இதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வெளிநாடு போக முடியாது. அமெரிக்காவுக்குள்ளும் ஹவாய், அலாஸ்கா, குவாம் போன்ற இடங்களுக்கும்தான் போகலாம்.

கடைசி வகுப்பாயிற்றே என்று ஓய்வு பெற்ற தாத்தாக்கள் கவலைப்படுவதில்லை. அவர்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. அதுதான் நேரம்! இன்று இடம் இல்லையா? நாளை வருவார்கள். ஹவாய்க்கு விமானம் இல்லையா? ஜப்பானுக்குப் போகிற விமானத்தில் ஏறிவிடுவார்கள்.

பெயர் கூப்பிடும் நேரம்

பதிவு 60 நாள் வரை செல்லும். சிப்பாய்க்கு லீவு அதற்கு முன்பே முடிந்தால் பதிவும் முடிந்துவிடும். ஒரே சமயத்தில் பல தளங்களில் பெயர் கொடுத்து வைக்கலாம். எந்த விமானம் எங்கே போகிறது என்று 3 நாளுக்கு முன்னால்தான் தெரியும். அந்தப் பட்டியலிலும் இத்தனை இடம் நிச்சயம், இத்தனை இடம் உத்தேசம் என்று போட்டிருக்கும். சில விமானங்களுக்கு நேராக ஒன்றுமே இருக்காது. வெடிமருந்து போன்ற ஆபத்தான சாமான் ஏற்றினால் ஒரு பிரயாணிக்கும் இடம் கிடைக்காது.

விமானம் புறப்படச் சில மணி நேரம் இருக்கும்போது பெயர் கூப்பிடுவார்கள். அப்போது மூட்டை முடிச்சோடு எல்லோரும் அங்கே இருக்க வேண்டும். காப்பி குடிக்கப் போயிருந்தேன் என்றால் நடக்காது.

அந்தக் கூடத்தைப் பார்க்க வேண்டும். பெஞ்சுகளில் தாய்மார்கள், தரையில் குழந்தைகள், சுவர் ஓரமாகப் பெட்டிகள். மேஜைக்குப் பின்னால் நிற்கும் சிப்பந்தி காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறார். முதலில் முதல் வகுப்பு, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் எழுந்து ஓடுகிறது. மீதி உள்ளவர்கள் மனதுக்குள் எண்ணுகிறார்கள். 20 இடத்தில் 14 போய்விட்டது. இப்போது 17.

“இன்னும் 3 இடம்தான்” என்கிறார் சிப்பந்தி.

அடுத்த பெயர் நமது சிப்பாயின் பெயர். அவர்களோ 4 பேர்!

3 பேர் போய் ஒருவர் நிற்பதா? சில குடும்பங்கள் அப்படிப் பிரிந்து போவது உண்டு. வேண்டாம் என்றால் அந்த 3 இடமும் அடுத்தவருக்குப் போய்விடும். மூத்த பெண் அழத் தொடங்குகிறாள். தகப்பனார் பெட்டிகளைத் திரும்ப இழுத்துக்கொண்டு வெளியே வருகிறார். நாளைக்கு மறுபடியும் வர வேண்டும். அவருடைய லீவில் ஒரு நாள் குறைந்துவிட்டது.

ஏறிய பிறகும் முழு நிம்மதி கிடையாது. வழியில் ஒரு தளத்தில் விமானம் இறங்கும். உத்தியோக வேலையாகப் போகிறவர்கள் அங்கே ஏற வேண்டியிருந்தால், இலவசப் பிரயாணிகளை இறக்கிவிடலாம். முகம் தெரியாத ஊரில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

விமானத்துக்குள் என்ன இருக்கிறது?

இவ்வளவு பாடுபட்டு ஏறினால் உள்ளே மெத்தை நாற்காலியா? பணிப்பெண்ணா? சினிமாவா?

ஒன்றும் இல்லை!

சி-17 என்ற ராட்சத விமானம் இந்த வேலையில் முக்கியமானது. ஏறக்குறைய 77 டன் சாமான் சுமக்கும். டாங்கியே ஏறும். நமது இந்திய விமானப்படையிடமும் இந்த ரகத்தில் 11 விமானங்கள் இருக்கின்றன. இதில் பிரயாணிகளுக்கு இருபக்கச் சுவரையும் ஒட்டி ஆசனங்கள். எதிரே ஜன்னலுக்குப் பதில் வலை போட்டுக் கட்டிய சாமான் மலை. காது அடைக்கும் இரைச்சல். ஏறும்போதே காதில் செருகிக்கொள்ள அடைப்பான் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் அனுபவசாலிகளுக்கு இதுதான் பிடித்த விமானம். காரணம், தரை! விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்ததும், பொறுப்பாளர் அனுமதி கொடுத்தால், போர்வையை விரித்துத் தரையில் படுத்துவிடலாம். பணக்காரர்கள் பயணம் செய்யும் விமானத்தில் கூட இப்படிக் காலை நீட்டிப் படுக்கப் பெரும் பணம் கொடுக்க வேண்டும்.

சி-5 விமானம் இதைவிடப் பெரியது. அதன் மாடியில் 73 பேர் உட்காரலாம். ஆசனங்கள் எல்லாம் வாலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். முதுகு முன்னால் போக, முகம் பின்னால் பார்க்கப் பறக்க வேண்டும்.

கே.சி.-135 என்று ஒன்று. இது மற்ற விமானங்களுக்கு ஆகாயத்திலேயே பெட்ரோல் நிரப்பும் விமானம். 1957-ல் படையில் சேர்ந்த ரகம். இன்னும் பறக்கிறது. இதில் தலை வேர்க்கும், கால் விறைக்கும். கம்பளியும் காலுறையும் இல்லாமல் ஏறியவர்கள் இரண்டாம் முறை மறக்கமாட்டார்கள். விரல் தெரியும் செருப்பும் குதி உயர்ந்த செருப்பும் போட்டுக்கொண்டு இந்த விமானங்களில் ஏற முடியாது.

சாப்பாடு வேண்டுமானால் சில டாலர் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கு 2 பெட்டி, ஒவ்வொன்றும் 70 பவுண்டு வரை. சிறிய விமானமானால் 30 பவுண்டுதான். நாய் பூனைக்கு இதில் இடம் கிடையாது.

ராணுவம் வாடகைக்கு அமர்த்திய சாதாரணப் பிரயாணி விமானங்களும் உண்டு. அவற்றில் பணிப்பெண், சாப்பாடு எல்லாம் இருக்கும். வரி, கட்டணம் என்று ஒரு சிறு தொகை மட்டும் கட்ட வேண்டும்.

சில கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. வியாபாரத்துக்குப் போகக் கூடாது. அமெரிக்காவுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மனைவி மக்களைப் பொதுவாக ஏற்றமாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு 34 வாரத்துக்கு மேல் பொதுவாக அனுமதி இல்லை.

கையில் பணம் இருக்கிறதா?

“இலவசப் பயணத்துக்குப் பணம் எதற்கு?” என்று கேட்பீர்கள்.

அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். போகும்போது இடம் கிடைக்கும். ஊரில் பாட்டியைப் பார்த்தாயிற்று. திரும்பும் நாள் வருகிறது. கிழக்குக் கரையில் உள்ள டோவர் தளத்துக்குப் போனால் 2 நாளாக விமானம் இல்லை. மூன்றாம் நாள் இருக்கிறது, இடம் இல்லை. லீவு முடிய இன்னும் ஒரே நாள்!

“விமானம் கிடைக்கவில்லை” என்ற பதிலைப் பட்டாளம் ஏற்காது. குறித்த நாளில் வராவிட்டால் அது குற்றம். தண்டனை உண்டு. வேறு வழி? கடைசி நிமிஷத்தில் சாதாரண விமானத்தில் 4 டிக்கெட் வாங்க வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூடப் போய்விடும். நடுவே தங்கிய நாட்களின் ஓட்டல் வாடகை வேறு.

2020-ல் கொரோனா பரவியபோது உல்லாசப் பயணத்துக்கு இந்தச் சலுகையையே நிறுத்திவிட்டார்கள். பிறகுதான் மெல்ல மெல்லத் திறந்தார்கள்.

ஆகவே பழக்கப்பட்ட குடும்பங்கள் திரும்பி வரும் டிக்கெட்டுக்குரிய பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருக்கின்றன. பள்ளிக்கூடம் மூடும் கோடைக்காலத்திலும், கிறிஸ்துமஸ் சமயத்திலும் இந்தப் பக்கமே போவதில்லை. அப்போது கூடம் நிரம்பி வழியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கூட்டம் குறைவு. பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகள் உள்ளவர்கள் அந்தச் சமயத்தில் புறப்படுகிறார்கள்.

நமது சிப்பாய் என்ன ஆனார்? மறுநாள் மறுபடியும் கூடத்துக்கு வருகிறார். அன்றைக்கு சி-17 விமானம் டோவருக்குப் போகிறது. 30 இடம். மூன்றாம் வகுப்பில் அவருடைய பெயரை இரண்டாவதாகக் கூப்பிடுகிறார்கள். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறாள். மூத்த பெண் காது அடைப்பானைக் கையில் வைத்து விளையாடுகிறாள்.

அவர் மட்டும் மேஜை அருகே ஒரு நிமிஷம் நிற்கிறார். செல்போனை எடுத்து டோவர் தளத்துக்கு இன்னொரு இ-மெயில் அனுப்புகிறார். திரும்பி வருவதற்கான பதிவு!