புல்வெளிக்கு வயது என்ன?

"நீலகிரியில் சோலைக்காட்டை வெட்டியதால்தானே அந்தப் புல்வெளிகள் உண்டாயின? அங்கே மரம் நட்டால் நல்லதுதானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மரம் நடு விழா நடத்துகிறவர்களில் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். பதில் ஊட்டிக்கு அருகே, சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கின் சதுப்பில் இருக்கிறது. 2,000 மீட்டருக்கு மேலே உள்ள அந்தப் பள்ளங்களில் தேங்கிய நீர் ஆக்சிஜனைப் புகவிடுவதில்லை. செத்த செடிகள் முழுதாக மக்காமல், ஏரியின் அடிவண்டல் போலவே, அடுக்கடுக்காகச் சேர்கின்றன.

அடுக்குகளில் மகரந்தத்தைத் தேடி எண்ணுவது பழைய வழி. 1916-இல் சுவீடனின் லெனார்ட் வான் போஸ்ட் அதற்கு வடிவம் கொடுத்தார். லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தார் நீலகிரியிலும் அதைச் செய்தார்கள். வரலாறு இவ்வளவு போதும். புற்களின் மகரந்தம் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். எந்த வகைப் புல் என்று அது சொல்லாது. சொல்வது கார்பன்.

காற்றிலுள்ள கார்பனில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டிய பங்கு கனமான கார்பன்-13. இலைக்குள் கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, லேசான கார்பன்-12ஐத்தான் விரும்பும். சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, முற்றலை ஒதுக்கி வாங்குகிறவரைப் போல. சோலை மரங்கள் போன்ற சி3 தாவரங்களில் அது திறந்த சந்தையில் நிற்கிறது. வேண்டாத கார்பன்-13 இலைத்துளை வழியே திரும்பிப் போய்விடும். வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய சி4 புற்களில் ஏற்பாடே வேறு. வாசலில் இன்னொரு நொதி நின்று, அதிகம் பொறுக்காமல், வந்ததை மூட்டையாகக் கட்டி உள்ளறைக்கு அனுப்புகிறது. ரூபிஸ்கோ அந்த அறைக்குள், கதவு சாத்தியிருக்கிறது. ஒடித்துப் பார்க்கலாம், ஆனால் ஒதுக்கியதை வெளியே போட வழியில்லை. கடைசியில் முற்றலும் குழம்பில்தான் விழ வேண்டும். கொல்லைக் கதவு இடுக்கில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். அதனால் சி4 புல்லில் கார்பன்-13 கூடுதல். இருவகைக்கும் வேறுபாடு ஆயிரத்துக்குச் சுமார் 14 பங்கு. இலை உருத்தெரியாமல் கருஞ்சேறானாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. குப்பைக்குழியில் கிடக்கும் காம்பைப் பார்த்தே எந்த வீட்டுச் சமையல் என்று சொல்லிவிடலாம்.

யானை ஆய்வாளராக நாம் அறிந்த ஆர். சுகுமாரும் ஆர். ரமேஷ் உள்ளிட்ட கூட்டாளிகளும் 1993-இல் 'நேச்சர்' இதழில் இப்படித்தான் 20,000 ஆண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சத்தில் சி4 புல் மேலோங்கியிருந்தது. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்ததும் சி3 தாவரங்கள் பெருகின. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை மறுபடி வறட்சி, மறுபடி சி4 புல். தேயிலைத் தோட்டக்காரர்களின் கோடாலிக்குப் பல்லாயிரம் ஆண்டு மூத்தது அந்தப் புல்வெளி.

ஆனால் இதை வைத்துப் பண்டைய மழையையே அளந்துவிட்டதாக யாராவது முழங்கினால் நம்பாதீர்கள். பனியுக உச்சத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 190 பங்குதான். தொழிற்புரட்சிக்கு முன்பு 280. அந்த வாயு குறைந்தாலே சி4 புல்லின் கை ஓங்கும், மழை குறையவே வேண்டாம். தவிர, சதுப்பிலேயே வளரும் கோரைகளின் கார்பனும் சேற்றில் கலந்திருக்கிறது; மலைச்சரிவின் கதை மட்டும் அல்ல அது.

புல்வெளியில் மரம் நடலாமா என்றால், வேண்டாம். சோலை அழிந்த இடத்தில் சோலை மரம் நடுங்கள். புல்வெளிகளில் பரவிக் கிடக்கும் ஆஸ்திரேலியச் சீகை மரம் சி3 வகை. மழை கூடாமலே, ஈரக்காலம் வந்துவிட்டது போன்ற கணக்கை அதன் சருகு மண்ணில் ஏற்றுகிறது. கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வடிகால் வெட்டி உலர்த்திய சதுப்புகளிலோ, காற்றுப் பட்டு பழைய அடுக்குகளே மக்கத் தொடங்கிவிடும். சீகையை அகற்றும் வேலையோடு, இன்னும் ஈரம் காயாத சதுப்புகளில் வடிகால் வெட்டுவதையும் நிறுத்தியாக வேண்டும்.