நாய்க்கு விஷம் வைத்தது எதிர்வீட்டுக்காரரா? சுவர் விரிசலில் பதுங்கியிருக்கும் உண்ணி!

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நாய் வளர்ப்போர் கவனிக்க

வீட்டு நாய் திடீரென்று சுருண்டு படுக்கிறது. சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டு நாள் போகிறது. மூன்றாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுகிறது!

அடுத்து என்ன நடக்கும்? "எதிர்வீட்டுக்காரன்தான் விஷம் வச்சுட்டான்" என்று தெருவில் சத்தம் கிளம்பும். ராத்திரியில் நாய் குரைக்கிறது என்று எப்போதோ நடந்த சண்டை ஞாபகத்துக்கு வரும். வாய்ச்சண்டை முற்றி போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போவதும் உண்டு.

விஷம் வைக்கிற பாவிகள் ஊரில் இல்லாமல் இல்லை. எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் ரத்தம் வரும். ஆனால் உண்மையான குற்றவாளி எதிர்வீட்டில் இல்லாமல், நம் வீட்டுச் சுவரிலேயே குடியிருப்பதும் உண்டு. அவன்தான் உண்ணி! யார் குற்றவாளி என்று சொல்லவேண்டியது ரத்தப் பரிசோதனை. தெருக்காரர்கள் அல்ல.

ரத்தத்தில் இறங்கும் கிருமி

உண்ணி ரத்தம் குடித்தால் நாய் கொஞ்சம் இளைக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் அதிகம். விஷயம் அதோடு முடிவதில்லை. கடிக்கும்போது உண்ணியின் எச்சில் வழியாக நாயின் ரத்தத்தில் கிருமி இறங்குகிறது.

இதில் முக்கியமான கிருமிகள் இரண்டு. ஒன்று எர்லிக்கியா. இது வெள்ளை அணுவுக்குள் புகுந்துகொள்ளும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரசரவென்று குறையும். அதனால்தான் மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலிலும் ஈறிலும் சிவப்புப் புள்ளிகள். இன்னொன்று பபேசியா. இது சிவப்பு அணுவை உடைத்துவிடும். ஈறு வெளுத்துப்போகும். சில நாய்க்கு மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறத்தில் போகும். இரண்டு கிருமியும் ஒரே நாயைப் பிடிப்பதும் உண்டு.

கடித்த அன்றே காய்ச்சல் வராது. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். அதற்குள் ரத்தம் குடித்த உண்ணி கீழே விழுந்து போயே போய்விடும்! "உடம்பிலே ஒரு உண்ணிகூட இல்லையே டாக்டர்" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை.

நம் ஊரிலேயே கண்டுபிடித்தது

இந்த நோய் எங்கிருந்தோ வந்தது அல்ல. பபேசியாவில் ஒரு வகையை உலகத்துக்கு முதலில் சொன்னதே சென்னைதான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்த பேட்டன் என்ற வெள்ளைக்கார டாக்டர், 1910-ல் அதைப் பற்றி எழுதினார். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தது, "மெட்ராஸ் ஹண்ட்" என்று வெள்ளைக்காரத் துரைமார் நடத்திவந்த வேட்டை சங்கத்தின் நாய்களில். பிறகு அதே கிருமி நரியின் ரத்தத்திலும் இருந்தது! துரைமாரும் போனார்கள், வேட்டையும் போயிற்று. கிருமி மட்டும் போகவில்லை.

எர்லிக்கியா நோயும் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது சென்னை நாயிடம்தான். 1944-ல் முதலியார் என்பவர் அதை எழுதினார். வியட்நாம் யுத்தத்தில் 1968 முதல் 1970 வரை நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவ நாய்கள் இதே நோயில் மூக்கில் ரத்தம் ஒழுகிச் செத்தன. பெரும்பாலும் அல்சேஷன். நம் பக்கம் வாசலில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிற அதே ஜாதி! இந்த ஜாதியை நோய் கடுமையாகத் தாக்கும்.

நாய் மேல் கொஞ்சம், சுவரில் மிச்சம்

உண்ணி பறக்காது, குதிக்காது. ஊர்ந்துதான் வரும். சேலையூர், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், முடிச்சூர் என்று எங்கே பார்த்தாலும் வீட்டுக்கு வீடு காலி மனை, பாதி கட்டிய கட்டடம். அதில் நாலு தெரு நாய். வீட்டு நாய் கேட் வழியாக மூக்கை நீட்டினால் போதும், சரக்கு கைமாறிவிடும்.

ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிய பெண் உண்ணி கீழே விழும். சுவர் மேல் ஏறும். விரிசல், ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, மாட்டியிருக்கிற காலண்டரின் பின்பக்கம் என்று ஒளிந்துகொண்டு ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். பொரிந்து வரும் குஞ்சு கடுகைவிடச் சிறியது. வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும். அதனால், கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தால் உண்ணி ஒழிந்துபோகும் என்று கணக்குப் போடவேண்டாம்.

நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு, அது படுக்கிற சாக்கை அப்படியே விடுகிறவர்கள்தான் அதிகம். சாக்கைக் கொளுத்திவிடுங்கள், துணி என்றால் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். விரிசலை சிமெண்ட் வைத்து அடையுங்கள். சுவருக்கு மருந்து அடிப்பதானால் தரையோடு நிறுத்தாமல் கூரை மூலை வரை அடிக்கவேண்டும். ஒரு தடவை போதாது. மிச்ச முட்டை பொரிந்து வந்ததும் மறுபடி அடிக்கவேண்டும். காயும் வரை நாயைப் பக்கத்தில் விடக்கூடாது.

கை வைத்தியம் வேண்டாம்

மண்ணெண்ணெய் பூசுவது, ஊதுபத்தியால் சுடுவது, நகத்தால் நசுக்குவது எல்லாம் தப்பு. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டுவிடலாம். காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தினம் பார்க்கவேண்டும்.

மாட்டுக்கு அடிக்கிற மருந்தை அளவு தெரியாமல் நாய் மேல் ஊற்றினால், நக்கியே அது எச்சில் ஒழுகித் தள்ளாடும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை! நாய்க்கு ஒத்துக்கொள்கிற பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். மனிதர் சாப்பிடுகிற காய்ச்சல் மாத்திரையும் நாய்க்கு விஷம்தான். ஒரு மாதம், மூன்று மாதம் என்று தாங்குகிற உண்ணி மாத்திரைகள் இப்போது உண்டு. விலை கொஞ்சம் கடிக்கும். நாய்க்கு வலிப்பு வருவதாக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

மனிதர்களுக்கு வரும் "உண்ணிக் காய்ச்சல்" என்று பேப்பரில் படிக்கிறோமே, ஸ்கிரப் டைபஸ், அது புதரில் இருக்கும் வேறொரு பூச்சியால் வருவது. அதற்காக வீட்டு நாயைத் தெருவில் விரட்டுவது அநியாயம். நாய் உண்ணியாலும் மனிதருக்கு எப்போதாவது காய்ச்சல் வரும் என்பதால், உண்ணி எடுத்த கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாநகராட்சி யோசிக்குமா?

2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆயிற்று. தெரு நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது 2023-ல் வந்த மத்திய அரசு விதி. பேச்செல்லாம் நாய்க்கடியைப் பற்றித்தான். உண்ணியைப் பற்றி யார் வாய் திறக்கிறார்கள்? ஆபரேஷனுக்கு என்று பிடித்துவந்த நாய்க்கு, ஊசி போடுகிற கையோடு உண்ணி மருந்தையும் கொடுத்து அனுப்பினால், தெருவுக்கே புண்ணியம்.

28 நாள்

நாய் ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் பொறுக்கலாம். மறுநாளும் சாப்பிடாமல் உடம்பு சுட்டால் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். பெரிய இடம் என்றால் 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஸ்லைடில் கிருமி தெரியவில்லை என்று ஒரு தடவை சொன்னாலும் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. வேறு பரிசோதனைகள் உண்டு. எர்லிக்கியாவுக்கு ஒரு மருந்து, பபேசியாவுக்கு வேறு மருந்து. குத்துமதிப்பாகக் கொடுக்க முடியாது.

எர்லிக்கியாவுக்குக் கொடுக்கிற டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள். இங்கேதான் வினை! இரண்டு மூன்று நாளிலேயே நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவிடும். "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி எலும்பு மஜ்ஜையில் தங்கிக்கொண்டு, பல மாதம் கழித்து மறுபடி கிளம்பும். அப்போது மஜ்ஜையே ரத்தம் ஊறுவதை நிறுத்திவிடக்கூடும்.

ரத்தம் ரொம்பக் குறைந்த நாய்க்கு வேறு நாயின் ரத்தம் ஏற்றவேண்டும். வேப்பேரியில் இதற்கென்றே ரத்த வங்கி இருக்கிறது. ரத்தம் கொடுக்கத் தெம்பான நாய் தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. எதிர்வீட்டு நாயாக இருந்தாலும் சரி.