பிடியும் அலகும்

படைக்கலங்களைக் கண்டு தரந்தெரியும் கலைக்கு நம்மிடையே முதலாசிரியர் ஒருவர் உளரெனின், அவர் ஔவையாரே. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற அம்மூதாட்டி, அங்கு அழகு செய்து காக்கப்பட்ட படைகளையும், போரிற் சிதைந்து கொல்லனிடம் சென்ற தம் தலைவனின் படைகளையும் ஒப்பிட்டமையைப் புறநானூறு பயில்வோர் அறிவர். அழகு வேறு, உண்மை வேறு என்று அதனை வகுப்பிற் பன்முறை விளக்கிய நான், உண்மையான வாள் ஒன்று கைக்கு வந்தபோது தவறினேன்.

சில ஆண்டுகளின் முன், கொட்டாஞ்சேனையில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர், துணியிற் சுற்றிய வாளொன்றுடன் வெள்ளவத்தையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார்.

"ஐயா, இது என் மனைவியின் தாய்வழிச் சிங்களக் குடும்பத்துச் சொத்து. விலைக்குக் கேட்கிறார்கள். அலகிலே ஏதோ எழுத்து இருக்கிறது, நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார்.

அது கஸ்தானை எனப்படும் வாள். பிடியின் தலையில் வாய்பிளந்த சிங்கமுகம். கைக்காப்பின் முனைகளில் சிறிய மகரமுகங்கள். அலகு குறுகியது, சற்றே வளைந்தது. அவ்வலகிலே வீ, ஓ, சீ என்னும் மூன்று எழுத்துகள் பின்னிக் கிடந்தன. கப்பலோட்டிய தமிழரின் பெயரன்று அது. 1602 இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் முத்திரை.

"பிடி நம் நாட்டது, அலகு அந்நியருடையது. யாரோ இரண்டைப் பொருத்தியிருக்கிறார்கள். இது கலப்படம், தம்பி" என்று தீர்ப்பளித்தேன்.

"அப்படியானால் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறேன், ஐயா" என்று வாடிய முகத்துடன் அவர் எழுந்து சென்றார்.

அன்றிரவு துயில் வரவில்லை. நான் அமர்ந்திருந்த கதிரையின் பெயர் போர்த்துக்கேயர் தந்தது. அதனால் நம் பேச்சுப் பொய்யாயிற்றா? மறுநாட் காலை, 1877 இல் திறக்கப்பட்ட கொழும்புத் தேசிய நூதனசாலைக்குச் சென்று விசாரித்தேன். கஸ்தானைகள் பலவற்றில் அலகு ஐரோப்பியதே என்றும், வந்த அலகுக்கு இந்நாட்டுக் கம்மியர் பிடி சமைத்தனர் என்றும் அறிந்தேன். அன்றியும், முதலியார் போன்ற பதவியாளர் விழாக்களில் அணிந்த சின்னம் அது. அணிகலனைப் போர்க்களத்து அளவுகோலால் அளந்தமை என் இரண்டாவது பிழை. உடனே கொட்டாஞ்சேனைக்கு விரைந்தேன். நல்வினைப் பயனாக வாள் இன்னும் கைமாறவில்லை.

அதன்பின் நான் கற்ற முறை, ஏடு பரிசோதிக்கும் முறையை ஒத்தது. பிடியையும் அலகையும் தனித்தனி நூல்களாகப் படித்தல் வேண்டும். உளிவேலையின் ஓரங்கள் கூர்மையாயும், கைபடும் இடங்கள் மட்டும் தேய்ந்தும், இடுக்குகள் கறுத்தும் இருப்பின் அது பழமைக்குச் சான்று. மழுங்கிய வார்ப்பும் எங்கும் ஒரே பளபளப்பும் ஐயத்துக்கு இடமாம். முத்திரை ஒன்றையே நம்புதலும் ஆகாது. போலி முத்திரைகளும் உள. புளியிட்டுத் துலக்குதல் ஏட்டின் எழுத்தை அழித்தலுக்கு ஒப்பாகும்.

பிறநாட்டிலும் இந்நெறியே. தென் பிலிப்பைன்சின் மோரோ மக்களது பழைய கிரிசு வாள்களில் அலகின் அடிப்பாகம் தனித்துண்டாகப் பொருத்தப்பட்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் எழுந்த பலவற்றிலோ, ஒரே இரும்பில் அப்பொருத்தின் கோடு மட்டும் கீறப்பட்டிருக்கும். பொருத்தைப் பார்ப்பவரே காலத்தை அறிவார்.

எல்லாவற்றிலும் மேலானது, பொருள் கைமாறிவந்த வழி. 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டுசென்ற பொற்கஸ்தானை, வெள்ளிக் கஸ்தானை உள்ளிட்ட ஆறு பொருள்கள் 2023 இல் நெதர்லாந்திலிருந்து கொழும்புக்கு மீண்டன. அவை வந்த வழியை ஆராய்ந்து துணிந்ததன் பயனே அம்மீட்சி. நம் வீடுகளிலுள்ள பொருள்களுக்கு அவ்வழியை எழுதிவைப்பார் யார்?

என் மாணவர் வாளை விற்கவில்லை. அவர் மாமியார் சொல்லச் சொல்ல, அது யார் யாரிடம் இருந்தது என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதினோம். அத்தாள் இன்று உறையுடன் ஒருங்கிருக்கிறது. "கலப்படம்" என்று நான் சொன்னதையும் அதில் எழுதவேண்டுமா என்று மாணவர் நகைத்தார். எழுதுக என்றேன்.